பதினாலாம் கட்டிலின் கேஸ் ஷீட்

நாக்பூர்
21 மார்ச் 2004

அண்ணா,

மூன்று தடவை போன் செய்தாய். நான் வீட்டில்தான் இருந்தேன். எடுக்கவில்லை. உன் குரலைக் கேட்டால் இளகிவிடுவேன் என்று தெரியும், அதனால் எழுதுகிறேன். காகிதத்தில் எனக்குக் கோபம் நிற்கும்.

செவ்வாய்க்கிழமை ஹொசகேரியில் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நாளைக்கு "அப்படியா, நினைவில்லையே" என்று சொல்லக்கூடியவன் நீ.

புது மருத்துவக் கல்லூரிக்கு அனுமதி கொடுக்கலாமா என்று பார்த்துவர மெடிக்கல் கவுன்சில் மூன்று பேராசிரியர்களை அனுப்பியது. அதில் நான் ஒருத்தி. எந்தக் கல்லூரி என்பதை முந்தின நாள்தான் சொன்னார்கள். பெயரைக் கேட்டதும், நம் பிஜாப்பூர் ஜில்லாவுக்கு ஒரு கல்லூரி வருகிறதே என்று மனசு குளிர்ந்தது. "இந்தக் கல்லூரியில் எனக்கு உறவினர் எவரும் இல்லை" என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். போட்டபோது அது உண்மை. ஜில்லா ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வுபெற்று ஐந்து வருஷமாக நீ வீட்டில் கொத்தமல்லி வளர்க்கிறாய் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மண்டபத்தில் அறுபத்திரண்டு பேராசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு முகத்தையும் படத்தோடு ஒப்பிட்டு டிக் போடுவது என் வேலை. "பொது மருத்துவத் துறைத் தலைவர்" என்று கூப்பிட்டேன். பெயரைப் படிப்பதற்குள் நீ எழுந்துவிட்டாய். வெள்ளைக் கோட்டில் கடையில் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது. காலரில் குண்டூசியைக்கூட எடுக்கவில்லை. நீ உன் செருப்பைப் பார்த்தாய். நான் பேனாவைப் பார்த்தேன். டிக் போட்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு நான் பிராஜ்தார் ஆகிவிட்டதால் அங்கே ஒருவருக்கும் உறவு தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த நாற்காலியில் நீ மொத்தம் எத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறாய்? விளக்கம் வேண்டாம்.

நீலா


பிஜாப்பூர்
30 மார்ச் 2004

பிரியமுள்ள நீலாவுக்கு, சரணு, வணக்கம்.

ஒரு நாள். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை. நடுவில் சாப்பிட எழுந்தேன்.

சின்ன வயசிலும் நீ இப்படித்தான். நான் வெல்லம் திருடினால் அவ்வாவிடம் போய்ச் சொல்லமாட்டாய். என்னையே தனியாகக் கூப்பிட்டு எத்தனை துண்டு என்று கேட்பாய். அவ்வாவின் அடியே தேவலை என்று இருக்கும்.

விளக்கம் வேண்டாம் என்கிறாய். எனக்குக் கொடுக்காமல் முடியாது. ஜனவரியில் சாவுகார் மல்லேஷப்பா வீட்டுக்கு வந்தார். கல்லூரி கட்டியிருப்பது அவருடைய சங்கம்தான். ஒரு கூடை மாதுளை. அவருக்குப் பின்னால் செயலாளர். "டாக்டர் சார், துறைத் தலைவர் நாற்காலி உங்களுக்குன்னே போட்டு வெச்சிருக்கோம். இன்ஸ்பெக்ஷன் அன்னைக்கு மட்டும் வந்து உக்காருங்க. அனுமதி வந்ததும் நெஜமான ஆளுங்க வந்துடுவாங்க" என்றார். "அப்ப நான் பொய்யான ஆளா?" என்று கேட்டேன். மூவரும் சிரித்தோம். சிரித்ததோடு பேரம் முடிந்துவிட்டது.

முப்பது வருஷம் இந்த ஜில்லா ஆஸ்பத்திரியில் இருந்தேன், நீலா. முடியாத கேஸை எல்லாம் சோலாப்பூருக்கு அனுப்பினேன். பாதிப் பேர் போய்ச் சேரவில்லை. இங்கேயே ஒரு பெரிய ஆஸ்பத்திரி வந்தால் எத்தனை பேர் பிழைப்பார்கள்? இன்றைக்குப் பொய்யாக ஒருவன் படுக்கிற கட்டிலில் நாளைக்கு மெய்யான நோயாளி படுப்பான் என்று சொல்லிக்கொண்டேன். சட்டப்படி எல்லாம் தயாரான பிறகுதான் திறக்க வேண்டும் என்றால் இந்த மண்ணில் ஒன்றும் திறக்காது.

அதோடு இன்னொன்றும் உண்டு. உன்னிடம் மறைப்பானேன்? ஐந்து வருஷமாக என்னைப் பார்த்து ஒருவரும் எழுந்து நிற்கவில்லை. போன மாதம் ஜில்லா ஆஸ்பத்திரிக்குள் போனால் வாசல் காவலாளி "யாரைப் பாக்கணும், பெரியவரே?" என்கிறான். ஹொசகேரியில் நான் நடந்தால் நர்ஸுகள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். சிரிக்காதே. அந்தக் கோட்டைப் போட்டதும் முதுகு தானாக நிமிர்ந்துவிட்டது.

பிறகு நீ என் பதவியைச் சொல்லிக் கூப்பிட்டாய். தங்கச்சிக்கு முன்னால் தலைகுனிந்து நின்றதற்கு மேல் எனக்கு என்ன தண்டனை வேண்டும்? உன் அண்ணி சுமங்கலா ஒரு வாரமாக ரொட்டியைத் தட்டில் வைக்காமல் போட்டுவிட்டுப் போகிறாள். இதோடு விட்டுவிடு.

உன் அண்ணன்,
குருலிங்கப்பா


நாக்பூர்
12 ஏப்ரல் 2004

அண்ணா,

விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். போன வாரம் முதலாண்டு மாணவர்களுக்கு இதயம் எடுத்தேன். இருபத்தெட்டு வருஷமாக எடுக்கிற பாடம், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இதயத்தின் நரம்பும் கையின் நரம்பும் தண்டுவடத்தில் ஒரே வாசலில் நுழைகின்றன, அதனால் வலி எங்கே என்று மூளைக்குத் தெரியாமல் போகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தவள், பாதியில் நின்றுவிட்டேன். பிள்ளைகள் எனக்கு மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

பெண்கள் வார்டு. பதினாலாம் கட்டில். கை நிறையப் பச்சை வளையல் போட்ட ஒரு பெண், நாற்பது வயதிருக்கும். நீ எங்களை அழைத்துக்கொண்டு வந்தாய். நான் கட்டிலின் கால்மாட்டில் கேஸ் ஷீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் ஏதோ சொன்னாள், எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. நீ குனிந்து என்னவோ சொன்னாய். அதற்குப் பிறகு அவள் "முழங்கால்" என்றாள்.

அவளுடைய மேலுதட்டில் வியர்வை இருந்தது. தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கட்டில்களில் படுத்தவர்கள் யார் என்பது எனக்கு வார்டுக்குள் நுழைந்ததுமே தெரியும். நோயாளி காலைப் பார்த்தால் தெரிந்துவிடும். நாலைந்து நாள் படுத்தவள் பாதத்தில் வயல் மண் ஒட்டியிருக்காது. ஆனாலும் "கட்டில்கள் எண்பத்திரண்டு விழுக்காடு நிரம்பியுள்ளன" என்று எழுதினேன். அதைப் பிறகு பேசலாம். அந்தப் பெண் என்ன ஆனாள்?

நீலா


பிஜாப்பூர்
2 ஜூன் 2004

நீலாவுக்கு, சரணு.

பதில் தாமதம். வெயில் கொளுத்தியது, எனக்கும் கொஞ்சம் உடம்பு சரியில்லை. உன் அண்ணி சட்னிப்பொடி இடித்து வைத்திருக்கிறாள், ஆள் கிடைத்தால் கொடுத்தனுப்புகிறேன்.

நீ எழுதிய கட்டில் எது என்று எனக்கு நினைவில்லை. அன்றைக்கு எத்தனையோ பேர். எல்லாரும் மாலையில் சாப்பிட்டுவிட்டுக் கூலிக்குக் கொடுத்த சேலையை வாங்கிக்கொண்டு நன்றாகத்தான் வீட்டுக்குப் போனார்களாம். மார்ச் மாத வெயிலில் உதடு வியர்க்காதா? உடற்கூறு படிப்பவர்களுக்குச் செத்தவர்களையே பார்த்துப் பழக்கம், வியர்வையைக் கண்டால் பயப்படுகிறீர்கள்.

மழை வருகிற மாதிரி இருக்கிறது.

குரு


நாக்பூர்
22 ஆகஸ்ட் 2004

அண்ணா,

உனக்கும் வந்திருக்கும். ஹொசகேரிப் பள்ளி ஆசிரியர் ஒருவர் உயர்நீதிமன்றத்தில் மனுப் போட்டிருக்கிறார். கட்டிலில் படுத்தவர்கள் கூலிக்கு வந்தவர்கள், பேராசிரியர்கள் ஒரு நாளைக்கு வந்தவர்கள் என்று. நீதிமன்றம் மாணவர் சேர்க்கையை நிறுத்திவிட்டது. உண்மையைக் கண்டறிய ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரைக் கமிஷனராகப் போட்டிருக்கிறது. பேராசிரியர் என்று கையெழுத்துப் போட்டவர்களும் இன்ஸ்பெக்ஷனுக்குப் போனவர்களும் அக்டோபருக்குள் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும்.

கேள்வித்தாளை நாலு தடவை படித்தேன். ஏழாவது கேள்வி: "ஆய்வுக்குழுவில் எவருக்கேனும் கல்லூரிப் பேராசிரியர் எவருடனாவது உறவு உண்டா?"

எனக்கு ஓய்வுக்கு இன்னும் பத்தொன்பது மாதம் இருக்கிறது. நாக்பூரில் என்னை எல்லாரும் எப்படிச் சொல்வார்கள் தெரியுமா? "பிராஜ்தார் மேடம் அப்பன் வந்தாலும் அரை மார்க் கூடப் போடமாட்டாங்க." போன வருஷம் வருகைப் பதிவில் தோழிக்காகக் கையெழுத்துப் போட்ட ஒரு பெண்ணை ஆறு மாதம் நிறுத்திவைத்தேன். அவள் என் அறை வாசலில் உட்கார்ந்து அழுதாள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். இப்போது தினமும் அந்தப் பெண் எனக்கு வணக்கம் சொல்கிறாள்.

கேட்கவே நாக்கு கூசுகிறது. ஏழாவது கேள்விக்கு "தெரியாது" என்று எழுதிவிடு. நானும் அப்படியே எழுதுகிறேன். நம் வீட்டைத் தவிர இது வெளியே ஒருவருக்கும் தெரியாது.

மார்ச்சில் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதியவள்தான் இதையும் எழுதுகிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்காதே.

நீலா


பிஜாப்பூர்
9 செப்டம்பர் 2004

நீலா,

உன் கடிதம் வந்த அன்றைக்குத்தான் துர்கப்பா இரண்டாம் தடவையாக வந்தான். துர்கப்பா யார் என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால், ஜூனில் நான் எழுதியது பொய் என்று சொல்ல வேண்டும். பதினாலாம் கட்டில் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதைத் தவிர வேறு கட்டில் நினைவில்லை.

அவள் பெயர் யல்லவ்வா. துர்கப்பா அவளுடைய புருஷன்.

அன்று காலையில் ஆறு டிராக்டரில் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு கட்டிலிலும் கேஸ் ஷீட் முன்னமே எழுதி மாட்டியிருந்தது. யார் எந்தக் கட்டிலில் ஏறுகிறார்களோ அவர்களுக்கு அந்தக் கட்டிலின் நோய். நர்ஸ் ஒருத்தி போய் ஒவ்வொருவருக்கும் பாடம் சொல்லிக்கொடுத்தாள். பதினாலாம் கட்டிலுக்கு எழுதியிருந்தது முழங்கால் வலி.

நாம் வந்தபோது நான் எல்லாரிடமும் கேட்டதுபோல அவளிடமும் கேட்டேன், "என்னம்மா செய்யுது?" அவள் மார்பில் கையை வைத்தாள். "இங்க பிடிக்குதய்யா. தாடைக்கு ஏறுது. காலைல டிராக்டர்ல வரும்போதே பிடிச்சுது." நான் குனிந்து, உங்களுக்குக் கேட்காமல், "முழங்கால்னு சொல்லும்மா, பாடத்தை மறந்துட்டியா?" என்றேன். அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பெரிய டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ. "ஆமாய்யா, முழங்கால்" என்றாள்.

அதோடு விட்டேனா? மூன்று பேராசிரியர்கள் பார்க்கிறார்களே என்று அவளுடைய முழங்காலைத் தொட்டு, மடக்கி, நீட்டி, அழுத்திப் பார்த்தேன். அழகாகச் செய்தேன், நீலா. முப்பது வருஷப் பழக்கம்.

கட்டிலுக்கு இரண்டடியில் புது ஈசிஜி மெஷின் இருந்தது. பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. என் சட்டைப்பையில் ஆஸ்பிரின் இருந்தது. எனக்கே ஒரு தடவை நெஞ்சுவலி வந்ததிலிருந்து எப்போதும் வைத்திருக்கிறேன். அன்றும் இருந்தது.

சாயங்காலம் டிராக்டரில் திரும்பும்போது டோணி ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் அவள் செத்துப்போனாள். எனக்கு மூன்றாம் நாளே தெரியும். நீ முதல் கடிதம் எழுதும்போது எனக்குத் தெரியும். மாதுளை, வெல்லம், கோட்டு என்று உனக்கு வேடிக்கையாக எழுதினேனே, அப்போதும் தெரியும்.

துர்கப்பா முதல் தடவை ஏப்ரலில் வந்தான். திட்ட வந்திருக்கிறான் என்று நினைத்து உள்ளே ஒளிந்துகொண்டேன். உன் அண்ணிதான் உட்காரவைத்து மோர் கொடுத்தாள். அவன் கேட்டது இதுதான்: "டாக்டரய்யா, நீங்கதானே அவளைப் பாத்தீங்க? என்ன நோவுன்னு மட்டும் சொல்லுங்க. ஊர்ல கண்டபடி பேசறாங்க."

நம் பக்கத்தில் சொல்வார்களே, நோயில்லாமல் படுத்தால் நோய் வந்து பக்கத்தில் படுக்கும் என்று. நாம் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடும்போது அவ்வாவும் சொல்வாள். அந்த ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. ஒரு சேலைக்காக நோயாளி வேஷம் போட்டாள், யல்லம்மா தேவி நிஜமாகவே கொடுத்துவிட்டாள் என்கிறார்கள். கூடப் போய்ப் படுத்த பெண்கள்தான் அதிகம் சொல்கிறார்களாம். அவர்களுக்குப் பயம். பள்ளிக்கூடத்தில் அவள் மகளை "வேஷக்காரி மக" என்று கூப்பிடுகிறார்கள். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போவதில்லை.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தெரியலப்பா. அன்னைக்கு எத்தனையோ பேரைப் பாத்தேன்." அவன் கும்பிட்டுவிட்டுப் போனான்.

இரண்டாம் தடவை வந்தபோதும் அதே கேள்விதான். "யோசிச்சுப் பாத்தீங்களாய்யா? நினைவு வந்துச்சா?" என்றான். எனக்கு மறதி என்று நினைத்து இத்தனை மாசம் அவகாசம் கொடுத்திருக்கிறான்.

கல்லூரிச் செயலாளர் தட்டச்சு செய்த பிரமாணப் பத்திரத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். "நோயாளி யல்லவ்வா, முழங்கால் வலிக்குச் சிகிச்சை பெற்று, நலமுடன் வீடு திரும்பினார்." கீழே என் பெயர். "கையெழுத்து மட்டும் போதும் சார், மத்ததை வக்கீல் பாத்துக்குவார்." கையெழுத்துப் போட்டால் என் டாக்டர் பதிவும் பிழைக்கும், கல்லூரியும் பிழைக்கும், நீயும் பிழைப்பாய். யல்லவ்வா மட்டும் முழங்கால் வலிக்காரியாகவே போய்விடுவாள். போடாவிட்டால் எல்லாரும் மாட்டிக்கொள்வோம்.

காலையில் பூஜைக்கு உட்கார்ந்து, கழுத்தில் கட்டிய லிங்கத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்தால் பார்க்க முடியவில்லை. அந்தக் கையால்தான் முழங்காலை அழுத்தினேன். பத்து நாளாக லிங்கப் பெட்டியைத் திறக்காமலே எழுந்துவிடுகிறேன்.

உன் பெயரை விட்டுவிட்டு உண்மையை எழுத முடியுமா என்று எழுதிப் பார்த்தேன். முடிகிறது. என்ன செய்யட்டும், சொல்.

குரு


நாக்பூர்
20 செப்டம்பர் 2004

அண்ணா,

உன் கடிதத்தைக் கல்லூரியில் வைத்துப் படித்தேன். பிறகு உடற்கூறு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அங்கே மேஜையில் இருப்பவர்கள் எதையும் கேட்கமாட்டார்கள்.

ஏப்ரலில் "அவள் ஏதோ சொன்னாள், எனக்குச் சரியாகக் கேட்கவில்லை" என்று எழுதினேன். கேட்டது. "தாடைக்கு ஏறுது" என்று அவள் சொன்னது நன்றாகக் கேட்டது. நீ குனிந்து சொன்னதும் கேட்டது. நான் கன்னடம் மறந்தவளா? மற்ற இருவருக்கும் நம் பேச்சு தெரியாது. அந்த வார்டில் அவள் சொன்னதையும் நீ சொன்னதையும் சேர்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய பரிசோதகர் நான் ஒருத்திதான்.

தாடைக்கு ஏறும் வலி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாதா? அதைச் சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறேன்.

ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். "அம்மா, தாடையிலே வலிக்குதா?" என்று கன்னடத்தில் கேட்டிருந்தால் அந்த வார்டு முழுக்க நாறியிருக்கும். உன்னைக் காப்பாற்றுவதற்காகச் சும்மா இருந்தேன் என்று இத்தனை மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தங்கச்சிப் பாசம் என்று பெயர் வைத்தேன். அது பொய், அண்ணா. காலையில் போட்ட டிக்கைக் காப்பாற்றத்தான் இருந்தேன். உன் பெயருக்குப் பக்கத்தில் போட்ட டிக். அதைப் போட்ட பிறகு அன்றைக்கு நான் பார்த்த எதையும் பார்க்க முடியாமல் போயிற்று. பதினாலாம் கட்டிலின் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் பதினைந்தாம் கட்டிலுக்குப் போனேன்.

இதில் வெட்கக்கேடு என்ன தெரியுமா? உன்னைவிட நான் நல்லவள் என்று மார்ச்சிலிருந்து உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் கடிதத்தைக் கிழித்துப்போடு. வேண்டாம், கிழிக்காதே. வைத்திரு. கேட்டால் கொடுத்துவிடு.

செயலாளர் கொண்டுவந்ததில் கையெழுத்துப் போடாதே. என்ன எழுதுவது என்று என்னைக் கேட்காதே. உனக்குத் தெரியும். ஒரு நோயாளி வந்தால் என்ன எழுதுவாயோ அதை எழுது.

நீலா


பிஜாப்பூர்
6 அக்டோபர் 2004

நீலாவுக்கு,

நீ கடைசியில் எழுதிய வரியைப் பிடித்துக்கொண்டேன். பிரமாணப் பத்திரம் மூன்று பக்கம் எழுதியாயிற்று. ஒரு நாள் பேராசிரியர், கோட்டு, டிராக்டர் எல்லாம் அதில் இருக்கிறது. கூடவே ஒரு கேஸ் ஷீட்டும் இணைக்கிறேன். அன்றைக்கே எழுதியிருக்க வேண்டியது. ஜில்லா ஆஸ்பத்திரியில் நான் பயன்படுத்திய பழைய படிவம் ஒன்று மேஜை இழுப்பறையில் கிடந்தது. அதிலேயே எழுதினேன். உனக்கு அனுப்புவது மூலம், என்னிடம் நகல் இருக்கிறது. படித்துவிட்டுத் திருப்பி அனுப்பு.

பெயர்: யல்லவ்வா, துர்கப்பாவின் மனைவி.
வயது: 41.
கட்டில்: 14.
தேதி: 16 மார்ச் 2004, காலை சுமார் பதினொன்றரை.
நோயாளி சொன்னது: காலையிலிருந்து நெஞ்சில் பிடிக்கிறது. தாடைக்கு ஏறுகிறது.
கண்டது: மேலுதட்டில் வியர்வை. முழங்காலில் எந்தக் குறையும் இல்லை.
நோய்: மாரடைப்பு என்று கருத எல்லாக் காரணமும் இருந்தது.
சிகிச்சை: முழங்கால் என்று சொல்லச் சொன்னேன்.
முடிவு: அன்று மாலை வழியில் மரணம்.
பார்த்த மருத்துவர்: குருலிங்கப்பா சௌகிமத்.
உடனிருந்த மருத்துவர்:

கடைசிக் கட்டம் அந்தப் பழைய படிவத்திலேயே அச்சடித்திருக்கிறது. நான் போட்டதில்லை. அதைக் காலியாக விட்டுவிட்டேன். காலியாகவே இருக்கலாம். ஏழாவது கேள்விக்கும் நான் இன்னும் பதில் எழுதவில்லை.

நேற்று துர்கப்பாவின் ஊருக்குப் போனேன். அவன் சோளக்கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தான். வரப்பில் உட்கார்ந்து அவனுக்குப் படித்துக் காட்டினேன். சிகிச்சை என்ற இடம் வந்ததும் காகிதத்தை மடித்துவிட்டேன். அவன் தண்ணீர் கொடுத்தான். பிறகு நான் அந்த வரியையும் படித்தேன்.

அவன் காலைப் பிடிக்கக் குனிந்தேன். விலகிக்கொண்டான். "அதெல்லாம் வேணாம்யா" என்றான். ரொம்ப நேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்:

"இதுல அவளுக்கு நோவு நெஜமா இருந்துச்சுன்னு இருக்கா?"

"இருக்கு."

"வேஷம் போடலைன்னு?"

"போடலை. அங்க இருந்த அத்தனை பேர்லயும் பொய் சொல்லாம இருந்தது அவ ஒருத்திதான். அவளையும் நான்தான் சொல்ல வெச்சேன்."

"கோர்ட்ல இதைச் சத்தமாப் படிப்பாங்களா?"

"படிப்பாங்க."

"அப்ப என் மகளைக் கூட்டிட்டு வரேன். அவ கேக்கட்டும்" என்றான். என்னை மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. களைக்கொத்தை எடுத்துக்கொண்டு அடுத்த சாலுக்குப் போய்விட்டான். நான் எழுந்து பஸ்ஸுக்கு நடந்தேன்.

நேரே சாவுகார் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். "முப்பது வருஷம் இந்த ஜனங்களுக்கு ஆஸ்பத்திரி இல்லைன்னு அழுதீங்க. வர்றதை நீங்களே கெடுக்கறீங்களே சார்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதற்குப் பதிலை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

28-ஆம் தேதி பிஜாப்பூர் விருந்தினர் மாளிகையில் கமிஷனர் உட்காருகிறார்.

குரு


நாக்பூர்
14 அக்டோபர் 2004

அண்ணா,

கேஸ் ஷீட்டைத் திருப்பி அனுப்புகிறேன். காலிக் கட்டத்தை நிரப்பியிருக்கிறேன். என் கையெழுத்து பிள்ளைகளுக்கே புரியாது என்பார்கள், அதனால் இதிலும் எழுதுகிறேன்:

உடனிருந்த மருத்துவர்: நீலாம்பிகா பிராஜ்தார், உடற்கூறியல் பேராசிரியர். பார்த்த மருத்துவரின் தங்கை. நோயாளி சொன்னது காதில் விழுந்தது. பக்கத்தைத் திருப்பினேன்.

ஏழாவது கேள்விக்கு "உண்டு" என்று எழுது. கவுன்சிலுக்கும் என் கல்லூரி முதல்வருக்கும் நான் எழுதிவிட்டேன். முதல்வர் கடிதத்தைப் படித்துவிட்டு, "மேடம், இது தேவையா?" என்றார். ஆறு மாதம் நிறுத்திவைத்தேனே, அந்தப் பெண்ணை வகுப்பிலிருந்து கூப்பிட்டு அவளிடமும் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிட்டீங்களா மேடம்?" என்று கேட்டாள். அவ்வளவு நேரம் அழாமல் இருந்தவள் அப்போதுதான் அழுதேன்.

27-ஆம் தேதி சோலாப்பூர் வரை ரயிலில் வந்து அங்கிருந்து பஸ் பிடிக்கிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு வராதே. வீட்டுக்கு வர எனக்கு வழி தெரியும். அண்ணியிடம் ரொட்டி மட்டும் போதும் என்று சொல். தட்டில் போட்டாலும் சரி.

28-ஆம் தேதி என்னை முன்னால் உட்காரச் சொல்வார்கள். நான் பின்னால் உட்காரப் போகிறேன், துர்கப்பாவின் மகளுக்குப் பக்கத்தில். கேஸ் ஷீட்டை ஆங்கிலத்தில்தான் படிப்பார்கள். அவளுக்குப் புரியாது. அவளுக்குக் கன்னடத்தில் சொல்ல ஒருத்தி வேண்டும். அன்றைக்கு அந்தப் பேச்சு தெரிந்தும் வாய் திறக்காதவள் நான்தானே.

நீலா